உப்புக்காற்றில் உருக்குச் சட்டை

கிள்ளையில் இரும்புக்கு ஆயுசு கம்மி. கிழக்கே கடல், அதற்கு முன்னால் பிச்சாவரத்து உப்பங்கழி, ராத்திரியெல்லாம் ஈரக்காற்று. ஜன்னல் கம்பிக்குப் பொங்கலுக்கு ரெட் ஆக்சைடு அடித்தால் ஆடிப்பெருக்குக்குள் அது பொரிந்து உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டு கேட்டின் கீழ்த்தாழ்ப்பாளைத் திருடன் யாரும் கொண்டுபோகவில்லை; காற்றே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, தலை முதல் கால் வரை உருக்கில் சட்டை போட்டுக்கொள்ள ஆசைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விளையாட்டில்தான். அண்ணன் மகனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்துவிட்டால் ராத்திரி மொட்டைமாடியில் கச்சேரி களைகட்டும். சிதம்பரத்திலிருந்து கூட்டாளிகள் வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். ஆடுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் கொண்டுவந்தது. திரை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். காகிதம், பென்சில், இருபது முகப் பகடையும் வேறு சில பகடைகளும் போதும். ஒருவன் கதை சொல்வான், அவனுக்கு டி.எம். என்று பட்டம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். கரண்ட் போகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடையாது.

"சித்தப்பா, ஒரு ஆள் குறையுது. சும்மா வந்து உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். நான் போர்வீரன். கையில் கொஞ்சம் பொன் கொடுத்து, என்ன வேண்டுமோ வாங்கிக்கொள் என்றார்கள்.

கவசம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கூத்துதான். தென்னாற்காட்டில் பிறந்துவிட்டு 'கர்ண மோட்சம்' பார்க்காமல் எப்படி வளர்வது? கர்ணனுக்குக் கவசம் பிறவியிலேயே வந்தது. இதைச் சொன்னால், பையன்களின் விதிப்புத்தகத்தில் அதற்கும் இடம் இருக்கிறதாம். முதலையின் தோல் மாதிரி உடம்போடு வந்த காப்பு தனிக்கணக்கு. மேலே போடும் சட்டையோடு அதைக் கூட்டிக்கொள்ளலாம். கர்ணன் அதற்கு மேல் ஓர் உருக்குச் சட்டையும் போட்டிருந்தால் குருக்ஷேத்திரமே வேறு மாதிரி முடிந்திருக்கும். அவனோ, இந்திரன் கிழப் பிராமணனாக வந்து கேட்டதும் இருந்ததையும் அறுத்துக் கொடுத்தவன். அப்படிப்பட்ட ஆளைக் குழுவில் சேர்க்க முடியாது, மற்றவர்களுக்கு ஆபத்து என்று டி.எம். கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

கணக்கு இதுதான். வெறும் உடம்புக்குக் காப்பு எண் 10. தோல் சட்டை போட்டால் 2 கூடும், முழு உருக்குச் சட்டைக்கு 8. எதிரி பகடையை உருட்டித் தன் திறமையையும் கூட்டி, அந்த எண்ணைத் தொட்டால் அடி விழும். தொடாவிட்டால் வாள் தகட்டில் பட்டு வழுக்கிப் போகும். இந்த யோசனையையே அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கப்பல்களை வைத்து ஆடிய கடற்போர் விளையாட்டிலிருந்துதான் எடுத்ததாக ஆர்னசன் சொல்லியிருக்கிறார். கப்பல் தகட்டுக்குப் போட்ட கணக்கை மனுஷன் நெஞ்சுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

பையன்கள் வைத்திருப்பது 2003-இல் வந்த மூன்றரையாவது பதிப்பு. அதென்ன மூன்றரை என்று கேட்கக் கூடாது. கேட்டால் ராத்திரி முழுக்க விளக்குவார்கள். அந்தப் பதிப்பில் சட்டைக்கு மந்திரம் ஏற்றுகிற விலைப்பட்டியலை டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். காப்பு எண்ணில் ஒன்று கூட்டும் +1-ஐ ஏற்ற 1,000 பொன். சரி, +2-க்கு 2,000 இருக்கும் என்று பார்த்தால் 4,000. +3-க்கு 9,000, +4-க்கு 16,000, +5-க்கு 25,000. மீட்டர் வட்டிக்காரனே இந்தப் பட்டியலைப் பார்த்தால் கண்ணைக் கசக்கிக்கொள்வான். இதில் முதல் +1 ஏற்றுவதற்கு முன்னாலேயே சட்டை உயர்ந்த வேலைப்பாடாக இருக்க வேண்டும், அதற்குத் தனியாக 150. உருக்குச் சட்டையின் அடிவிலை 1,500. ஆக மொத்தம் 2,650 பொன் கொடுத்து +1 சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டேன். பொன் போதாமல் அண்ணன் மகனின் மந்திரவாதியிடம் கடன் வாங்கினேன். வீட்டில் அவன் எனக்குக் கடன் கொடுப்பது அதுதான் முதல் தடவை.

அதற்கு மேலும் சேர்க்கலாம், வெறும் எண்ணைத் தவிர. தீ, குளிர், அமிலம், மின்சாரம், பேரொலி ஒவ்வொன்றையும் தாங்கத் தனித்தனி மந்திரம், ஒவ்வொன்றும் 18,000 பொன். எங்கள் அம்மா தினம் விடியற்காலையில் போனில் போடுகிற கந்தர் சஷ்டி கவசத்தில் தேவராய சுவாமிகள் உச்சி முதல் பாதம் வரை ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலைக் காவல் வைத்து, பேய் பிசாசு, பாம்பு தேள், காய்ச்சல் வரைக்கும் ஒரே மூச்சில் அடக்கிவிட்டார், காலணா வாங்காமல்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 2,700 பொன்னுக்கு ஒரு மந்திரம். அதை ஏற்றினால் உருக்குச் சட்டை பார்ப்பவர் கண்ணுக்குச் சாதாரணத் துணியாகத் தெரியும்.

"என்ன துணி மாதிரி தெரியணும், சித்தப்பா?" என்றான் டி.எம். அவனும் என்னைச் சித்தப்பா என்றே கூப்பிடப் பழகிவிட்டான்.

"கைலி, பனியன்."

பனியனில் ஓட்டை உண்டா இல்லையா என்று கேட்டான். புதுப் பனியன் போட்டுக்கொண்டு ஊரில் எவன் நடமாடுகிறான்? ஓட்டையோடுதான் என்று சொன்னேன். எப்படியும் அதற்குக் காசில்லை.

டி.எம். சிதம்பரத்துக்காரன், படிக்கிற காலத்தில் பிச்சாவரத்தில் படகில் சுற்றியவன். கதையை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான் என்று பார்த்தால் சுரபுன்னைக் காட்டுக்குள். குறுகிய வாய்க்கால், தலைக்கு மேல் கிளை மூடிய இருட்டு, கழுத்தளவு தண்ணீர். இங்கேதான் விதிப்புத்தகம் என் மேல் பாய்ந்தது. உருக்குச் சட்டை 50 பவுண்டு, கிட்டத்தட்ட 23 கிலோ. நடை குறையும். அதைச் சரியாகப் போட்டுக்கொள்ள 4 நிமிஷமும் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். கழற்றாமல் தூங்கினால் மறுநாள் அசதி. குதிக்க, ஏற, பதுங்க எல்லாவற்றிலும் 5 குறையும். நீந்துவதில் மட்டும் இரண்டு மடங்கு, அதாவது 10. அலையாத்திக் காட்டுக்குள் 10 குறைந்தவன் என்ன ஆவான் என்பதை அந்தப் புத்தகம் நாசூக்காகச் சொல்லாமல் விட்டிருக்கிறது. நிஜ மாடியிலோ, காது மடலைச் சுற்றிக் கொசு. கொசுவுக்கு எதிராக அந்தப் பட்டியலில் ஒரு + கூடக் கிடையாது.

தண்ணீரில் விழாமல் வேர்களைப் பிடித்துப் பிடித்துக் கரை ஏறினேன். ஏறின இடத்தில் ஒரு மிருகம். துருப்பிடிக்க வைக்கும் மிருகம். அதன் உணர்கொம்பு பட்டால் எந்த உலோகமும் அந்த நிமிஷமே துருவேறி உதிர்ந்துவிடும். அந்தக் காலத்தில் ஹாங்காங்கிலிருந்து பாக்கெட்டில் அடைத்து வந்த மலிவு பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்துத்தான் கைகாக்ஸ் இதைக் கற்பனை செய்தாராம். கிள்ளைக்கு ஒரு தடவை வந்து யார் வீட்டு கேட்டையாவது தள்ளிப் பார்த்திருந்தால் பொம்மையே தேவைப்பட்டிருக்காது. மந்திரச் சட்டை என்பதால் எனக்கு ஒரு சலுகை உண்டு: பகடையில் உருட்டி, என் சுறுசுறுப்பையும் கூட்டி 17 வந்தால் சட்டை பிழைக்கும். 4 விழுந்தது. 2,650 பொன்னும் செம்பொடியாகச் சேற்றில் கொட்டியது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கடன் கொடுத்தவனைத் தவிர.

இந்தச் சத்தத்தில்தான் அம்மா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். பையன்களுக்கெல்லாம் அவர் ஆயா. என் சட்டை போன கதையைக் கேட்டுவிட்டு, "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிட்டுப் போனா அப்புடித்தான். மேல மேல போட்டுக்கணும்" என்றார்.

"போட முடியாது ஆயா" என்று டி.எம். விளக்கினான். ஒரே வகைக் காப்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. சட்டையில் ஏற்கெனவே ஏற்றிய +3 இருக்கும்போது பூசாரி வந்து மந்திரித்து அதே வகையில் +2 கொடுத்தால் மொத்தம் 5 ஆகாது. பெரியது எதுவோ அது மட்டும் நிற்கும்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கழுத்தில் முருகன் டாலர். வலது மணிக்கட்டில் தர்காவில் மந்திரித்த கறுப்புக் கயிறு. இடது கையில் மாரியம்மன் கோயில் தாயத்து. வாசல் நிலையில் ஆகாச கருடன் கிழங்கு, அதன் பக்கத்தில் படிகாரம், அதற்குக் கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும். எதிர்வீட்டுப் பார்வைக்காகக் கண்திருஷ்டி கணபதி படம் தனியாக. அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பது இந்தக் கணக்கில் வராது.

"எது எதோட சேராதாம்?" என்றார்.

"எல்லாம் கெட்டதைத் தடுக்கிறதுதானே ஆயா, ஒரே வகை. அதுல எது பெருசோ அது மட்டும்தான் வேலை செய்யும்."

"ஏண்டா, மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து பூவராக சாமி நம்ம கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருதே, தர்காவுல பாய்மாருங்க மரியாத பண்ணி வரவேற்கிறாங்க, சாமியும் நின்னு வாங்கிக்கிட்டுத்தானே போவுது? அவங்களே சேந்துக்கிறாங்க. சேராதுன்னு சொல்ல நீ யாரு?"

டி.எம். புத்தகத்தைப் புரட்டினான். ரொம்ப நேரம் புரட்டினான். கடைசியில் ஒரு விதிவிலக்கு கிடைத்தது: அடியிலிருந்து ஒதுங்கி விலகுகிற திறமையால் வரும் காப்பு மட்டும் எத்தனை இருந்தாலும் கூடிக்கொண்டே போகலாம். ஆயா கட்டியிருக்கும் எல்லாமே அந்த வகை என்று அவன் தீர்ப்புச் சொன்னான். அம்மா அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று கேட்டுவிட்டு முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆனால் கூட்டலாமா கூடாதா என்கிற அதே வழக்கு எங்கள் ஊர்க் கரையை வைத்து நிஜமாகவே நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையோரம் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிர்களைக் காத்தது என்று 2005-இல் எழுதினார்கள். அடுத்த வருஷம் கெர், பேர்டு, கேம்ப்பெல் என்ற மூவர் அதே புள்ளிவிவரத்தை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, குப்பம் இருந்த மேட்டுக்கும் கடலிலிருந்து இருந்த தூரத்துக்கும் உரியதைக் கழித்துவிட்டால் மரங்களின் பங்கு சொற்பம் என்றார்கள். மேடு ஒரு +, தூரம் ஒரு +, மரம் ஒரு +. எது நின்றது, எது ஏறவில்லை? ஆளை இழந்த குப்பத்தில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வராது. என்னைக் கேட்டால், மேட்டையும் தூரத்தையும் நாம் உண்டாக்க முடியாது, மரத்தை முடியும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரிசை வரிசையாக வெட்டி, தரை தாழ்ந்து, உப்புநீர் தேங்கி மொட்டையாகக் கிடந்த இடங்களில், 1990-களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலையை உள்ளே வரவிட்டுக் கன்று வைத்தார்கள். ஒரு காட்டுக்கு +1 ஏற்றுவது எப்படி என்று நான் பார்த்தது அங்கேதான். துருப்பிடிக்காத சரக்கு.

ஆட்டத்துக்கு வருகிறேன். மறுநாள் ராத்திரி கதையில் ஒரு சந்தை வந்தது. திரும்பவும் உருக்குச் சட்டை வாங்கச் சொல்லி எல்லோரும் கட்டாயப்படுத்தினார்கள்; மித்ரில் என்கிற உலோகத்தில் செய்தால் எடை பாதிதான் என்று ஆசை காட்டினார்கள். அதற்கு மட்டும் கூடுதலாக 9,000 பொன். அதுவும் உலோகம்தானே, அந்த மிருகத்துக்கு அது தயிர்சாதம் ஆகாதா என்று கேட்டேன். பதில் வரவில்லை. 10 பொன்னுக்கு ஒரு தோல் சட்டை வாங்கினேன். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படகு கிடைக்குமா என்று கேட்டேன்.

"கிடைக்கும் சித்தப்பா, 50 பொன்."

கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தேன், வாய்க்காலைப் பார்த்துப் போகிறேன் என்று அறிவித்தேன்.

"எதை வெச்சித் தள்ளிக்கிட்டுப் போவீங்க? துடுப்பு தனி. ஒண்ணு 2 பொன்."