எங்களையும் தீவாக அறிவியுங்கள்!

அனுப்புநர்: சாரலில் நனைந்த ஒரு சாமானியன், தென்காசி.

பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள், விமானப் போக்குவரத்து அமைச்சகம், புது தில்லி.

பொருள்: தென்காசி மாவட்டத்தைத் தீவாக அறிவிக்கக் கோரி விண்ணப்பம்.

ஐயா,

லட்சத்தீவில் இருக்கிற அகத்திக்குப் போய் வந்ததிலிருந்து மனசு சரியில்லை. அந்த ஊரில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

அகத்தி ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளப் பவளத்திட்டு. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 7,500. அங்கே 1988-லேயே விமானம் இறங்கிவிட்டது. ஓடுபாதை 1,200 மீட்டர் சொச்சம்தான். அது முடிந்தால் கடல். அதே கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டப் பகுதியில் 14 லட்சம் பேர். 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமானோம். கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், புதுப் பெயர்ப்பலகைகள் வந்தன. விமானம் மட்டும் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கிறது.

தீவு என்றால் நாலு பக்கமும் நீர் சூழ்ந்திருக்க வேண்டும் என்பீர்கள். எங்களை அடுத்த ஊர் விமான நிலையங்கள் சூழ்ந்திருக்கின்றன. கிழக்கே தூத்துக்குடியின் வாகைக்குளம், வடக்கே மதுரை, மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம். மூன்று பக்கம் என்றால் தீபகற்பம்தானே என்று உங்கள் குமாஸ்தா திருத்தக்கூடும். நாலாவது பக்கத்தில், சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில், குற்றாலம் ரோட்டில் நிற்கிற கார்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அகத்திக்கு நான் போன வழியைக் கேளுங்கள். நள்ளிரவு தாண்டி பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறி, செங்கோட்டைக் கணவாயைக் கடந்து, விடிந்து எர்ணாகுளத்தில் இறங்கி, நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு பஸ் பிடித்தேன். அதற்கே முதுகு பெயர்ந்துவிட்டது. பிறகு கடலுக்கு மேலே 450 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்துக்குள் தாண்டிவிட்டேன்.

நான் போனது ஏ.டி.ஆர். ரகச் சின்ன விமானம். நம் டவுன் பஸ் மாதிரி பின்வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். சன்னலோரம் துண்டைப் போடாத குறையாக உட்கார்ந்தேன். பணிப்பெண் வந்து, எடை சமமாக இருக்க வேண்டும், கொஞ்சம் பின்னால் போய் உட்காருங்கள் சார் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஞாபகம் வந்தது. கயிலையில் கல்யாணம் பார்க்க எல்லாரும் குவிந்து வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தபோது, எடையைச் சமன் செய்ய பொதிகைக்கு அனுப்பப்பட்டாரே அகத்தியர், அவர்தான். இடம் மாறி உட்காரச் சொல்லப்பட்ட முதல் பயணி. இன்னும் ரிட்டர்ன் டிக்கெட் வரவில்லை. அவர் பெயரைப் போலவே ஒலிக்கிற தீவுக்கு விமானம் போகிறது. அவர் உட்கார்ந்திருக்கிற மலைக்குப் போகவில்லை.

வானிலை ஒத்துவராது என்று கோப்பில் எழுதிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் பர்ரா என்று ஒரு தீவு. அங்கே கடற்கரை மணல்தான் ஓடுபாதை. கடல் ஏறினால் ஓடுபாதை முங்கிவிடும். ஆகவே விமான அட்டவணையை அலை பார்த்துப் போடுகிறார்கள். இந்தப் பாடத்தில் நாங்கள் பட்டதாரிகள். குற்றாலப் பேரருவியில் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. தடை நீங்கினால் தண்ணீர் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற அரை மணி நேரத்தில் எண்ணெய் தேய்த்து, குளித்து, தலை துவட்டி, பரோட்டாவும் தின்றுவிட்டுப் போகிற ஜனத்துக்கு உங்கள் அட்டவணை எம்மாத்திரம்?

உங்கள் உடான் திட்டத்தையும் அறிவோம். ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்றார்கள். 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து முதல் விமானம் பறந்தது. 2023-ல் தணிக்கை அதிகாரி எண்ணிப் பார்த்தார்: மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய தடங்கள் 774, சலுகைக் காலமான மூன்று வருஷம் முடிந்த பிறகும் ஓடியவை 54. எங்கள் ஐந்தருவிகூட இவ்வளவு சீக்கிரம் வற்றியதில்லை. செருப்பைத் தேய்த்து வைத்துக் காத்திருந்தவர்களுக்குச் செருப்புதான் மிச்சம்.

வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் சுமார் 450 கோடி ரூபாயில் புது முனையம் திறந்தீர்கள். ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. சந்தோஷம். சென்னையிலிருந்து அங்கே ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அங்கிருந்து தென்காசி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வாடகைக் காருக்கு வசதி இல்லாதவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி போய், புது பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக வீடு சேர்வதற்குள், அதே விமானம் சென்னை திரும்பி இன்னொரு ஊருக்கும் கிளம்பியிருக்கும். வானத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் ரோட்டில் வட்டியோடு கட்டுகிறோம்.

ஆகவே தங்கள் சமூகத்துக்கு எங்கள் பணிவான கோரிக்கைகள்:

1. தென்காசியைத் தீவாக அறிவிக்கவும்.

2. அகத்தியருக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட் போடவும், சன்னலோரமாக.

3. மேற்படி இரண்டும் முடியாதெனில், விமானம் இறங்குகிற நேரத்துக்கு ‘தென்காசி’ என்று போர்டு மாட்டிய ஒரு பஸ் முனைய வாசலில் நிற்கும்படி, பஸ் விடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவும். 450 கோடி தேவைப்படாது. ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர் போதும். அது வந்துவிட்டால் முதல் கோரிக்கையை நாங்களே வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்.

பதிலைச் சாதாரணத் தபாலில், ரயிலிலேயே அனுப்புங்கள். விமானத்தில் அனுப்பினால் வாகைக்குளம் வரை விரைவாக வந்துவிட்டு, அங்கிருந்து அதுவும் பஸ் மாற வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
தீவுவாசி (அறிவிப்புக்கு உட்பட்டு)