நிலாவை நெம்பித் தள்ளுன கதை

ஏலே பேராண்டி, விண்வெளித் தொடர் ஒண்ணு எழுதுதியாமே, உங்க அம்மை சொன்னா. நீ அனுப்புன பக்கங்களை வாசிச்சும் பாத்தேன். நான் பட்டிக்காட்டான், எனக்கென்ன தெரியும்? ராத்திரி தூக்கம் வராம, நீ வாங்கிக் குடுத்த டிவியில வெள்ளைக்காரன் தொடரா ஓட்டிக்கிட்டுக் கெடக்குதேன், அம்புட்டுத்தான். அந்தத் தைரியத்துல கொஞ்சம் புத்திமதி சொல்லுதேன். பிடிச்சா எடுத்துக்க, பிடிக்காட்டி உங்க டைரக்டர்கிட்ட தள்ளிவிட்டுரு.

பொய் சொல்லக் கூச்சப்படாத. சொல்லுததைப் பெருசாச் சொல்லு. 1975-ல பிரிட்டன்ல ‘ஸ்பேஸ்: 1999’னு ஒரு தொடர் வந்துச்சு. ஜெர்ரி ஆண்டர்சனும் அவர் வீட்டுக்காரி சில்வியாவும் எடுத்தது. பூமியில சேர்ந்த அணுக்கழிவையெல்லாம் கொண்டுபோயி நிலாவுக்கு அந்தப் பக்கம் கொட்டி வச்சிருக்கான். 1999 செப்டம்பர் 13-ந் தேதி அது வெடிச்சுருது. வெடிச்ச வேகத்துல நிலா, சுத்துன பாதையை விட்டுட்டுக் கெளம்பிருது. மேல ‘ஆல்ஃபா’ன்னு ஒரு தளம், அதுல 311 பேரு. பாவம், அத்தனை பேரும் நிலாவோடயே போறாக.

எழுதுனவன் நெஞ்சழுத்தத்தைப் பாத்தியா? நிலாவோட எடை சுமாரா 7-க்குப் பின்னால 22 சைபர் போட்ட கிலோ. அதை ஒரு குப்பைமேடு வெடிச்சு நெம்பிருச்சாம்! ஐசக் அசிமோவ் சும்மா விடல. அவரு கதையும் எழுதுவாரு, உயிர்வேதியியல் வாத்தியாரும் கூட. நிலாவைத் தள்ளுத அளவுக்கு வெடிச்சா நிலாவே உடைஞ்சு சிதறிரும்னாரு. அப்படியே தப்பிச்சுப் போனாலும் பக்கத்து நட்சத்திரம் போய்ச் சேர ஆயிரக்கணக்கான வருசமாகும்னும் சொன்னாரு. அவரு குறைச்சுத்தான் சொல்லியிருக்காரு. 1977-ல விட்ட வாயேஜர் 1 செகண்டுக்கு 17 கிலோமீட்டர் போகுது. அந்த வேகத்துலயே அந்தத் தூரத்துக்கு 70,000 வருசத்துக்கு மேல ஆகும். நம்ம கமாண்டர் கோனிக், அதான் மார்ட்டின் லாண்டோ, வாராவாரம் ஒரு புதுக் கிரகத்துக்காரனோட மல்லுக்கட்டுதாரு, தலை கலையாம.

அசிமோவ் ஒண்ணைப் பாராட்டவும் செஞ்சாரு. நிலாத் தரையில ஆளுக நடக்குத நடையைச் சரியாக் காட்டியிருக்கான்னாரு. நானும் பாத்தேன். வெளிய ஒரு எட்டு வச்சா, மெதந்து மெதந்து ஆற அமர வந்து எறங்குதான். கதவைத் தாண்டி உள்ள வந்ததும் சந்தைக்குப் போறவன் மாதிரி விறுவிறுன்னு நடக்கான். கேட்டா உள்ள செயற்கை ஈர்ப்புன்னு பதில் வச்சிருப்பான். என்னைக் கேட்டா, நோபல் பரிசை அந்தக் கதவுக்குத்தான் குடுக்கணும்.

நிலா நகர்ந்த பொய்யைப் பிடிச்சுக்கிட்டு நீ சண்டைக்குப் போவ, எனக்குத் தெரியும். எனக்கு அதுல வருத்தமே இல்ல. பொய்க்கால் குதிரை ஆடுதவன்கிட்ட ‘குதிரைக்கு நாலு கால் எங்க’ன்னு எவனும் கேக்குததில்ல. ஆட்டம் முடியுததுக்குள்ள கட்டையை அவுத்துப் போட்டுட்டு நடந்தான்னாத்தான் ஊரு கல்லெடுக்கும். இந்தத் தொடர்ல அதுதான் நடந்துச்சு. 1976-ல ரெண்டாம் சுற்றுக்கு அமெரிக்காவுல இருந்து ஃப்ரெட் ஃப்ரைபெர்கர்னு ஒருத்தரைக் கொண்டாந்தாக. பொசுக்குன்னு மாயான்னு ஒருத்தி வந்துட்டா. நெனைச்ச மிருகமா மாறுவாளாம். சின்ன உருவத்துக்கு மாறும்போது மிச்ச எடையை எங்க எறக்கி வைக்கான்னு ஒருத்தனும் கேக்கல.

அதையும் மன்னிச்சேன். மன்னிக்க முடியாதது விக்டர் பெர்க்மன் விசயம். முதல் சுற்றுல கமாண்டருக்கே புத்தி சொன்ன பெரியவரு. பாரி மோர்ஸ் நடிச்சது. ரெண்டாம் சுற்றுல ஆளைக் காணோம். செத்தாரா, எங்கயும் எறங்கிட்டாரா, ஒரு பேச்சு கெடையாது. அத்துவானத்துல போற பாறை மேல நானூறு பேர் கூட இல்ல, அதுல ஒரு மூத்த மனுசன் காணாமப் போயிட்டாரு, ‘பெரியவரு எங்கடே’ன்னு கேக்க ஒரு நாதியில்ல. கெழவன்னா அவ்வளவு இளப்பமாலே? நிலா பாதையை விட்டுப் போனதை நம்புன நான், அன்னைக்குத்தான் டிவியை அமத்துனேன்.

அடுத்து, காசு இல்லைன்னு கவலைப்படாத. 1966-ல வந்த ‘ஸ்டார் ட்ரெக்’கை எடுக்கும்போது ஜீன் ராடன்பெரிக்கும் அதே பாடுதான். வாராவாரம் கப்பலைத் தரையில எறக்கிக் காட்டுனா கட்டுப்படி ஆகாது. ஆளை ஒளியாக் கரைச்சு கீழ அனுப்பிட்டாரு. ‘ட்ரான்ஸ்போர்ட்டர்’ பொறந்தது அப்படித்தான். தயாரிப்பாளர் கைச் சுருக்கத்துல பொறந்த விஞ்ஞானம், உலகமே கும்பிட்டுச்சு. பின்னால உன்னைப் போல படிச்ச புள்ளைக வந்து, ஹைசன்பெர்க் விதிப்படி ஒரு துகளோட இடத்தையும் வேகத்தையும் ஒருசேர துல்லியமா அளக்க முடியாதேன்னு மடக்குனாக. அசருவானா அவன்? ‘ஹைசன்பெர்க் காம்பன்சேட்டர்’னு ஒரு சாமானைக் கப்பல்ல மாட்டிட்டான். அது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டதுக்கு, அங்க வேலை பாத்த மைக்கேல் ஒகுடா, ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லி நன்றியும் சொல்லிட்டாராம். பத்திரமா வச்சுக்க, உனக்கு ஒதவும்.

இன்னொரு வித்தையும் அங்க இருந்துச்சு. ஸ்டார் ட்ரெக்கோட ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ காலத்துல எழுதுனவங்க, விஞ்ஞானம் வர வேண்டிய இடத்துல வெறுமனே ‘டெக்’னு எழுதிட்டுப் போயிருவாகளாம். கேப்டன், டெக்கு பழுதாப் போச்சு, அந்த டெக்கை இந்த டெக்கோட இணைச்சா பொழைச்சுக்கலாம்னு. ஆலோசகரு ஒக்காந்து அதுல வாயில நுழையாத பேரா நிரப்பிக் குடுப்பாரு. அப்படி எழுதுனவங்கள்ல ஒருத்தரான ரொனால்ட் மூர் பின்னாடி தானே சொல்லிச் சிரிச்சாரு. உன் எழுத்துல பாத்தா, டெக்குன்னு எழுதாத கொறைதான்.

அங்க ஆலோசகரா இருந்தவங்கள்ல ஒருத்தரு நரேன் சங்கர், கார்னெல் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்குனவரு. அவருதான் பின்னால ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரை நடத்துனாரு. 2015 முதல் 2022 வரை, 62 பகுதி. அடுத்தவன் ‘டெக்’கை நிரப்பி நிரப்பிச் சலிச்சுப் போயித்தான் இதை எடுத்தாரோ என்னமோ, எனக்கு அப்படித்தான் தோணுது.

அதுலயும் பொய் உண்டு. ‘எப்ஸ்டைன்’ எஞ்சின். கொஞ்சம் எரிபொருள்ல சூரியக் குடும்பத்தையே சுத்தலாமாம். எப்படின்னு கேட்டா பதில் கெடையாது. கண்டுபிடிச்சவனுக்கு என்ன ஆச்சுங்கிறதை மட்டும் காட்டுதான். செவ்வாய்க்காரன் ஒருத்தன், தன் சொந்தக் கப்பல்ல எஞ்சினைக் குடைஞ்சு வச்சு, தனியா ஓட்டிப் பாக்கான். நெனைச்சதுக்கு மேல வேகம் எடுக்குது. நாற்காலியோட நாற்காலியா அமுங்கிட்டான். நிறுத்துத பொத்தான் கண்ணு முன்னால இருக்கு, கையைத் தூக்க முடியல. வாயால சொன்னாக் கேக்குத வசதியையும் அவனே அணைச்சு வச்சிருக்கான். அப்படியே ஒக்காந்து சாவுதான். அதுக்கு அப்புறம் அந்த எஞ்சின் எப்படி ஓடுதுன்னு எவனாவது கேப்பானா? கதை நெடுக அந்த எஞ்சினை முடுக்கும்போதெல்லாம் ஆளுக ஊசியைப் போட்டுக்கிட்டுப் பல்லைக் கடிக்கான். கப்பலோட்டி ஒருத்தன் கடைசியில அந்த வேகத்துலதான் ரத்தக்குழாய் அடைச்சுச் சாவுதான்.

அதே தொடர்ல சீரெஸ்னு ஒரு குறுங்கோள். குறுக்களவு 940 கிலோமீட்டர் சுமாரு. அதைச் சுழற்றிவிட்டு உள்ளுக்குள்ள எடை வர வச்சு ஊரு கட்டியிருக்கான். மில்லர்ங்கிற போலீஸ்காரன் சாராயம் ஊத்துதான். நேரா விழல, சாய்வா வளைஞ்சு கிளாசுக்குள்ள போகுது. படிச்சவுகளுக்கு அதைப் பாத்துப் புல்லரிச்சுப் போச்சாம். நீ கால்குலேட்டரைத் தட்டிப் பாரு, அவ்வளவு பெரிய உருண்டையில அந்த வளைவு அரை மில்லிமீட்டர் கூட வராது. அந்த வேகத்துல சுத்துனா சீரெஸே சிதறிப் போகணும், அது வேற கூத்து. ஆனா அந்த ஒரு வளைவுல, இவன் நிக்குத தரையே சுத்துதுன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. வசனமே இல்ல பாத்துக்க.

சனிக்கோளு வளையத்துல இருந்து ஐஸ் வெட்டிக் கப்பல்ல சீரெஸுக்குக் கொண்டு வாரான். சீரெஸ்லயே ஐஸ் கெடக்கேன்னு நான் எந்திரிச்சு ஒக்காந்தேன். நாசா அனுப்புன ‘டான்’ கலம் 2015-ல அங்க போயி அதைப் பாத்ததுதானே. அவன் எனக்கு முந்துன ஆளு. இருந்த ஐஸையெல்லாம் பூமிக்காரனும் செவ்வாய்க்காரனும் சுரண்டிட்டுப் போயிட்டாகன்னு மொதப் பகுதியிலயே ஒருத்தன் தெருவுல நின்னு கத்துதான். ஓட்டையை அடைச்ச துணியையே கொடியாப் பறக்க விட்டுட்டான் பாரு, மூதி! அந்தத் தண்ணிக் கோபத்துலதான் பின்னால கலவரமே.

வெற்றிடத்துல சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஓரத்துல குறிச்சு வச்சிருக்க. சரிதான். ‘ஃபயர்ஃபிளை’னு 2002-ல ஒருத்தன் அப்படி வெளிய சத்தமே இல்லாமத்தான் எடுத்தான். சேனல்காரனும் சத்தமில்லாமத் தூக்கிட்டான், எடுத்த 14 பகுதியில 11-தான் அப்ப ஓடுச்சு. எக்ஸ்பான்ஸ்ல வெளிய எஞ்சின் உறுமத்தான் செய்யுது. நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப உன் கதைக்கு வாரேன். முழு வேகத்துல போற கப்பலை உன் நாயகன் ஒரு பொத்தானைத் தட்டி சடார்னு நிறுத்துதான். உள்ள இருக்கவன் கையில காப்பி தளும்பல. எக்ஸ்பான்ஸ்காரன் பாதி வழியில கப்பலைத் திருப்பி, எஞ்சினைப் போற திசைக்குக் காட்டி, மிச்சப் பாதி தூரமும் எரிச்சு எரிச்சுத்தான் வேகத்தைக் கொறைக்கான். நீ அப்படித்தான் எழுதணும்னு நான் சொல்லல. சடார்னே நிறுத்து. நிறுத்துனா எவன் பல்லு போகும், எவன் கழுத்து ஒடியும், அடுத்த தடவை அந்தப் பொத்தானைத் தொட எவன் பயப்படுவான்னு எழுதிட்டு வா. காப்பியையும் கொட்டிரு. அதுவரைக்கும் தயாரிப்பாளர்கிட்ட அட்வான்ஸ் வாங்காத. வாங்கிட்டன்னா, அதுல பாதி உங்க தாத்தாவுக்குன்னு எடுத்து வை. அந்த பெர்க்மன் மாதிரி என்னையும் ரெண்டாம் சுற்றுல காணாம அடிச்சிராத.