ஊர் கெட்ட வரலாறு

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் களமருதூர் பலமுறை கெட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் திண்ணையில் உட்கார்ந்து அதை ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு என் பெரியப்பாவுடையது. கேபிள் வந்து ஊர் கெட்டது. இலவச டிவி வந்து கெட்டது. செல்போனால் கெட்டது. இப்போது ரீல்ஸ். ஆனால் அடுத்த கேடு வந்து சேர்ந்ததும் முந்தைய கேட்டுக்குப் பெரியப்பா மன்னிப்பு வழங்கிவிடுவார். கொஞ்ச நாளில் அது பொற்காலமாகவும் ஆகிவிடும்.

‘மெட்டி ஒலி’ சீரியல் ஓடிய 2002 முதல் 2005 வரையிலான காலத்தில் எங்கள் தெருவில் கேபிள் இழுத்த வீடு ஒன்றே ஒன்று. அந்த வீட்டு அத்தைக்கு அப்போதிருந்த செல்வாக்கு ஊராட்சித் தலைவருக்குக் கூட இருந்ததில்லை. சீரியல் நேரத்தில் யார் உள்ளே உட்காரலாம், யார் வாசற்படியோடு நிற்க வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். விளம்பரம் வந்தால் பிள்ளைகளாகிய நாங்கள் கடைக்கு ஓடி அவருக்குச் சீயக்காய் வாங்கி வருவோம். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவுக்காக ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அழுது முடித்ததும் யார் யார் காலை மிதித்தது என்று சண்டை வரும். “ஒரு பொட்டிக்கு முன்னால ஊரே கெடக்குது. இது உருப்படுமா?” என்பார் பெரியப்பா. உள்ளே வரவும் மாட்டார். ஆனால் கதை தெரியாமலும் இருக்க மாட்டார். திண்ணைக்கு வசனம் கேட்கும்.

2006 தேர்தல் வாக்குறுதிப்படி அந்த ஆண்டு செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளன்று, கலர் டிவி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பதினான்கு அங்குலப் பெட்டி. 2011-க்குள் தமிழ்நாடு முழுவதும் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்து முடித்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த பெட்டிகளை மாட்டு வண்டியிலும் சைக்கிள் கேரியரிலும் கட்டிக்கொண்டு போனோம். கூரை ஒழுகும் வீட்டில்கூட டிவிக்கு மட்டும் தனி இடம், மேலே பூப்போட்ட துணி. அதற்கப்புறம் ‘கோலங்கள்’ சீரியல் அபியின் கண்ணீர் தெருவின் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வழிந்தது. கோடி வீட்டிலிருந்து பிள்ளையார் கோவில் வரை நடந்தாலும் ஒரு வசனம் தவறாது.

சீயக்காய் அத்தையின் ஆட்சி அன்றோடு கவிழ்ந்தது. பெரியப்பாவோ வேறு மாதிரி வருந்தினார். “முன்னல்லாம் எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பாத்தாங்கடா. இப்ப ஆளுக்கு ஒரு பொட்டி, அவனவன் கதவச் சாத்திக்கிறான்.” அந்த ஒற்றுமை எங்களுக்குப் பாசத்தால் வந்ததல்ல. பெட்டி ஒன்றுதான் இருந்தது, அவ்வளவுதான். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் செருப்பு பறக்கும்.

டிவி இலவசம், கேபிளுக்கு மாதா மாதம் காசு. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் எழுபது ரூபாய்க்கு வந்தபோதுதான் பல வீட்டுக்கு அந்தச் செலவு குறைந்தது. அதே மாதம் புது அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தது. எல்லாம் கரண்டில் ஓடுபவை. கரண்ட்தான் இல்லை. 2012-ல் சென்னையைத் தாண்டினால் பாதி நாள் மின்வெட்டு. இலவச மின்விசிறியின் கீழே உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இலவச டிவியின் கறுத்த கண்ணாடியைப் பார்த்திருந்த இரவுகளை எந்த அரசும் தன் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த இரவுகளில் ஊர் மறுபடி தெருவில் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். கூடிப் பேசியதெல்லாம், நின்றுபோன சீரியலில் இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்பதைத்தான்.

செல்போன் கதை சுருக்கமானது. நோக்கியா 1100 வெளிவந்தது 2003-ல். எங்களுக்கு அது பேசும் கருவி என்பதைவிட டார்ச் லைட். இரவில் மோட்டார் போடப் போகும்போது பாம்புக்குப் பயப்படாமல் நடக்கலாம். வரப்பில் உட்கார்ந்தால் உள்ளேயும் ஒரு பாம்பு விளையாட்டு இருந்தது. பேசக் காசாகும் என்பதால் மிஸ்டு கால் ஒரு மொழியாகவே வளர்ந்தது. ஒரு ரிங் விட்டால் உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறியாயிற்று, இரண்டு விட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டாப்புக்கு வா. தவறிப்போய் எடுத்துப் பேசிவிட்டவனுக்கு வீட்டில் சோறு கிடைக்காது. நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் ஓடத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. நாங்கள் பாட்டைக் காலர் டியூனாக வைத்த ஏர்செல்லும் 2018-ல் போய்ச் சேர்ந்தது. ஊரைக் கெடுத்தவர்கள் எல்லாம் ஊருக்கு முன்பே கெட்டுப்போனார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை இறைத்தது. ஆனால் அதற்கு முன்பே, அந்த ஆண்டு மே மாதத் தேர்தலின்போதே, வாட்ஸ்அப் எங்கள் பக்கம் வேலையைக் காட்டியிருந்தது. நடிகர் விஜயகாந்த் 2011-ல் பக்கத்து ரிஷிவந்தியத்தில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானவர். ‘சின்ன கவுண்டர்’ படத்தை வீடியோ கேசட்டிலும் பிறகு சிடியிலும் தேயத் தேயப் பார்த்த ஊர் இது. 2016-ல் அவர் உளுந்தூர்பேட்டையில் நின்றார். அவர் தடுமாறிப் பேசியதை, கோபப்பட்டதையெல்லாம் வெட்டி ஒட்டி, வடிவேலு முகத்தைச் சேர்த்து, காலை வணக்கத்தோடு அனுப்பிக்கொண்டார்கள். அந்தக் குரலை வைத்து வசனம் பேசிப் பழகிய வாய்களே அதைக் கேட்டுச் சிரித்தன. மூன்றாம் இடம், டெபாசிட்டும் போயிற்று. 2023 டிசம்பர் 28-ல் அவர் மறைந்தார். அன்று அதே குழுக்களில், மீம் அனுப்பிய அதே எண்களிலிருந்து கறுப்புப் பின்னணியில் மெழுகுவத்தி. வள்ளல், ஏழைகளுக்குச் சோறு போட்டவர், இப்படி ஒரு மனிதர் இனி வருவாரா என்று. அவர் சோறு போட்டது 2016-லும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். தேர்தல் நேரத்தில் அதை ஃபார்வர்டு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. சிரித்தவர்களில் நானும் உண்டா என்று கேட்காதீர்கள். குழுவை விட்டு எப்போதோ விலகிவிட்டேன்.

டிவி பார்த்தால் படிப்பு கெடும் என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. கொரோனா ஊரடங்கில் பள்ளியை மூடியதும், 2019-ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார்கள். “டிவியைப் போடுடா, படிக்கணும்” என்று அண்ணன் தன் மகனை அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். பெரியப்பா குறுக்கே வந்து ரிமோட்டைப் பிடுங்கினார். சன் டிவியில் ‘மெட்டி ஒலி’யைத் திரும்பப் போடுகிறார்களாம். “இதுல ஒரு குடும்பம்னா எப்படி இருக்கணும்னு சொல்றான்டா. இந்த மாரி இப்ப எவன் எடுக்கறான்?” பதினைந்து வருஷத்துக்கு முன்பு இதே சீரியலுக்குக் காறித் துப்பிய திண்ணை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

டிவி மீது அவருக்கிருந்த தீராத பகை வேறு. அது கூத்தைக் கொன்றுவிட்டது என்பார். ‘கர்ண மோட்சம்’ முழுவதும் அவருக்கு மனப்பாடம். இருபது வருஷத்துக்கு முன்பு திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்து வைத்தால் சீரியல் முடிந்தபிறகே கூட்டம் வரும். கட்டை கட்டி முகத்தில் அரிதாரம் பூசிய கர்ணன் திரைக்குப் பின்னால் பீடி குடித்துக் காத்திருப்பான். இப்போது விடிய விடிய நடக்கும் கூத்தை அப்படியே படம் பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். பேரன் ஒருமுறை தேடிக் கொடுத்தான். அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு ராத்தூக்கம் இல்லை. எந்த ஊர் ஜமாவில் எந்தக் கர்ணன், எவனுக்குக் குரல் கட்டிவிட்டது, எவன் தாளம் தப்பினான் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில், நிஜமாகவே விரல் நுனியில்.

போன சித்திரையில் பக்கத்து ஊரில் கூத்து. நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கட்டியக்காரன் வந்து அரை மணி நேரமாக உள்ளூர்க்காரர்களைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தான். பெரியப்பா நெளிந்தார், கொட்டாவி விட்டார், பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

“இவன் எப்பவும் இப்படித்தான்டா இழுப்பான். வீட்டுல இருந்தா தள்ளிவுட்டுட்டு நேரா கர்ணனுக்குப் போயிருக்கலாம்.”

“இது நேர்ல நடக்குது பெரியப்பா, எப்படித் தள்ளறது?”

“அதான் சொல்றேன். கூத்தும் கெட்டுப் போச்சு.”