ஆமணக்கெண்ணெய்ப் படலம்: ஒரு முன்னாய்வு

மாதிரி விமானத்தின் குளோ என்ஜினுக்கு எந்த எண்ணெய் என்னும் வினா ஆய்வுலகில் உரிய இடம் பெறாமற்போனது வருந்தத்தக்கது. அக்குறையைக் களையவே இக்கட்டுரை. படித்தபின் குறை கூடியிருந்தால் நெறியாளர் பொறுப்பல்லர்.

எண்ணெய் மூவகைப்படும். கனிம எண்ணெய் இவ்வென்ஜினின் எரிபொருளான மெத்தனாலில் கரையாது. ஆகவே இவ்வாய்விலிருந்தும் நீக்கப்பட்டது. செயற்கை எண்ணெய் சுத்தமாக எரியும். சுத்தமாயிருப்பதைப் பற்றி ஆய்வாளன் எழுத ஒன்றுமில்லை.

எஞ்சியது ஆமணக்கு. இதன் தொன்மைக்கு முதல் உலகப்போரே சான்று. அப்போர் விமானங்களின் நோம் ரோட்டரி என்ஜின்கள் இதைக் குடித்து வெளியே துப்பின. பின்னால் உட்கார்ந்த விமானி முகத்திலும் வாயிலும் வாங்கிக்கொண்டார். வயிற்றுக்குள் போனதன் விளைவை நம் பாட்டிமார் அறிவர், விரிக்கிற் பெருகும்.

இனிக் கறை. எரிபொருள் வரத்தைத் திருகிக் கட்டுப்படுத்தும் நீடிலை அளவுக்குமேல் மூடி எரிபொருளைக் குறைத்தால் என்ஜின் கொதிக்கும். அச்சூட்டில் செயற்கை எண்ணெய் எரிந்து விலகிவிடும். ஆமணக்கோ தடித்த படலமாகிப் பிஸ்டனைக் காக்கும். காத்ததற்குக் கூலியாகச் சைலன்சரில் பழுப்பு வார்னிஷ் ஏறும். இப்பழுப்பு டிகாஷன் நிறம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. முதல் டிகாஷனா, இரண்டாம் டிகாஷனா என்பதில்தான் இரு பள்ளிகள் பிரிந்தன. முதற்பள்ளிக்கு ஆதாரம் ஒரு சைலன்சர். இரண்டாம் பள்ளிக்கு ஆதாரம் அதே சைலன்சரின் மறுபக்கம். ‘தேய்த்தால் போகும்’ எனும் மூன்றாம் கட்சியாரின் மூலநூல் யாருக்கும் அகப்படவில்லை. அதனாலேயே அது அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்நூலின் உரைக்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும் உண்டு. கடைசி மறுப்பு எண்ணெய் ஊறிய தாளில் இருப்பதால் இருபக்க எழுத்தையும் ஒருசேர வாசிக்க நேர்கிறது. ஆழமான நூல் என்று அது பெயரெடுத்தது இப்படித்தான். இவர்களில் எவரும் விமானம் விடும் திடலுக்குப் போனதற்குச் சான்றில்லை. போயிருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும். ஐயம் தீர்ந்தால் அடுத்த கருத்தரங்குக்குப் பயணப்படி ஏது?

கம்பியில் கட்டிப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் விமானங்களின் வேகப் போட்டிகளில் மரபான எரிபொருள் 80 விழுக்காடு மெத்தனாலும் 20 விழுக்காடு ஆமணக்கெண்ணெயும். டிகாஷன் பற்றி அம்மரபு வாய் திறக்கவில்லை. விளையாட்டுக்காரர்களின் ஆய்வுநெறி அவ்வளவே.

ஆய்வு இங்ஙனமாக, என்ஜின் வைத்திருப்போர் செய்யவேண்டியது வேறு. என்ஜினோடு வந்த கையேடு சொல்லும் அளவைக் கேளுங்கள். அது கைக்கு எட்டாவிட்டால் எரிபொருளில் எண்ணெய் 18 முதல் 20 விழுக்காடு இருக்கட்டும். பெரும்பங்கு செயற்கையானாலும் கொஞ்சமாவது ஆமணக்கு சேரட்டும். நீடிலை ஒரு பிடி கூடுதலாகவே திறந்து வையுங்கள். பறத்தல் முடிந்ததும் டாங்கைக் காலிசெய்து, என்ஜினில் மிச்சமுள்ளதை ஓட்டித் தீர்த்துவிட்டு, உள்ளே சில சொட்டு எண்ணெய் விடுங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். விட்டுவைத்தால் பேரிங் துருப்பிடிக்கும்.