ஆதாரம் மாஸ்டர்

மன்னார்த் தீவின் தேத்தண்ணிக் கடைகளில் ஆதாரம் மாஸ்டர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கச்சேரியிலோ தபால் கந்தோரிலோ இருந்து இளைப்பாறியவருக்கும் அந்தப் பட்டம் கிடைக்கும். கையில் மட்டை கழன்ற புத்தகம், பக்க அடையாளத்துக்குப் பழைய பஸ் ரிக்கெற். நாவல் பக்கம் போகமாட்டார். "கற்பனை என்னத்துக்கு? நடந்ததே நம்பேலாமக் கிடக்கு."

பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அரபு வணிகர் கொண்டுவந்ததாக யாராவது சொன்னால், "நட்டதைக் கண்டவர் ஆர்?" என்று மடக்குவார். ஆனால் மீன் விலை கேட்டவரை 1560க்கு இழுத்துப் போய்விடுவார். மன்னார்க் கடலில் ஒரே வலையில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மனிதர் அகப்பட்ட கதை அது. கோவா வைஸ்ராயின் வைத்தியர் அறுத்துப் பார்த்து, உள்ளும் புறமும் மனிதர் போலவே என்றாராம். சாட்சிகளில் ஒருவர், 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்டிரிக் அடிகளார்.

"தமிழெழுத்தில புத்தகம் போட்ட மனிசன் பொய் சொல்லுவாரே, தம்பி?"

கேட்டுவிட்டு, எமர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலைத் தானே விரிப்பார். கடல்மனிதரெல்லாம் அதில் கடற்பசுவாகிவிடுவார்கள்.

"அப்ப அறுத்துப் பார்த்த டொக்டர் எங்க படிச்சவர், மாஸ்டர்?" என்பார் வலை பொத்துகிறவர். மாஸ்டருக்குக் கோபம் வராது. இன்னொரு பக்கத்தில் அரிப்புக் கடலின் சுறாக்கள் காத்திருக்கின்றன.

அந்தக் கால முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட ஒரு மந்திரவாதி இருந்தார். அவர் வராமல் குளியாளிகள் இறங்கமாட்டார்களாம். தொழில் பரம்பரைத் தொழில். அன்றைய குடும்பத் தலைவரோ கத்தோலிக்கர். தெனன்ற் போன சமயம் அவருக்குச் சுகமில்லை. பதிற்கடமைக்கு வந்தவர், மந்திரம் தனக்குத் தெரியாது, ஆனாலும் மேலிடத்துப் பிரதிநிதி என்பதால் சுறாக்கள் மதிக்கும் என்றாராம். இதைச் சொல்லும்போது மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவேண்டும். முப்பது வருடக் கந்தோர் வாழ்க்கைக்கு ஆதாரம் கிடைத்த பூரிப்பு!

பொய்யையும் ஊர், பெயர், ஆண்டு போட்டுப் பதிந்துவைத்து, பக்கத்திலேயே அதன் குட்டையும் உடைக்கிற புத்தகங்கள் இவை. ஒரே விலைக்கு இரண்டு சந்தோஷம். ஆகவே ஆதாரம் மாஸ்டரைக் கண்டு ஒதுங்காதீர்கள். புத்தகத்தை இரவல் கேட்காதீர்கள், தரமாட்டார். தேத்தண்ணிக் காசை மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்.