ஹெரால்டு காரின் துருவும் நெய்தல் திணையும்

சென்னையில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களின் துரு எந்தத் திணைக்கு உரியது என்று இதுவரை எந்தப் புலவரும் கேட்கவில்லை. துரு எல்லா நிலத்துக்கும் பொது என்பாரும் உளர். அது பொருந்தாது, நெய்தலுக்கே உரியது என்பது எம் துணிபு.

முதற்பொருளைப் பார்ப்போம். சாந்தோமிலும் அடையாற்றிலும் இரவு வாசலில் நின்ற வண்டியின் கண்ணாடியில் விடிந்தால் உப்புப் பிசுக்கு. ஈரமும் காற்றும் சேர்ந்தாலே இரும்பு துருப்பிடிக்கும். உப்பு அதை விரட்டி வேலை வாங்கும். நெய்தலின் தொழில்களுள் உப்பு விளைத்தலும் ஒன்று, தெய்வம் வருணன் என்பவற்றை மறுப்பாளர் கவனிக்க. பொழுதோ, நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியவை. துருவும் ஐப்பசி மழையோடு ஓய்ந்துவிடுவதில்லை.

கருப்பொருள்தான் விரிவானது. 1961 முதல் சென்னையில் தயாரான இவ்வண்டியின் மூல வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிகெலோட்டி. தனிச் சேஸிஸ் மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட்டுப் போட்டு முடுக்கிய அமைப்பு. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன்டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜினைப் பார்ப்பார். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் மயிலாப்பூர்ச் சந்துகளில் அதை விஞ்ச ஆளில்லை. ஆனால் இணைப்பு கூடினால் இடுக்கும் கூடும். இடுக்கில் சேறு, சேற்றில் ஈரம். கதவடியில் நீர் வடியும் துளைகளை வேப்பஞ்சருகு அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே இற்றுப்போகும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்பது; அதனால்தான் பெயிண்ட் முதலில் கொப்பளிக்கிறது. ரப்பர் மேட்டைத் தூக்கினால் கீழே சாலை ஓடும். பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு அது சினிமா. (அம்பாசடரிலும் பத்மினியிலும் இக்காட்சி உண்டு, தனி ஆய்வு தேவை.)

நெய்தற்பறையின் இடத்தில் டிங்கரின் சுத்தியலை வைக்கலாம். "எவ்வளவுண்ணே போயிருக்கு?" என்பார் உரிமையாளர். "கொஞ்சந்தான் சார், மத்ததெல்லாம் கெட்டி" என்றபடி டிங்கர் ஸ்க்ரூடிரைவரால் குத்துவார். கெட்டியான இடத்திலும் அது பிடிவரை உள்ளே போகும். நெய்தலின் உரிப்பொருளான இரங்கல் இங்கே தோன்றுகிறது. வெறுத்திருந்தால் அன்றே எடைக்குப் போட்டிருப்பார். அவரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஹெட்லைட்டைத் துண்டால் துடைத்துவிட்டுப் போகிறார்.

வெட்டி, தகடு வைத்து வெல்டு அடித்து, மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தபின் ஓட்டை வெளியே தெரியாது. இதுவே உள்ளுறை. உள்ளுறையை உணரும் நுண்ணறிவு இல்லாதவர் காந்தம் கொண்டுபோகலாம். பட்டியில் அது ஒட்டாது.

எஞ்சுவது திணைமயக்கம். பெசன்ட் நகர் வண்டி சேலத்துக்கு விலைபோகிறது. முதல் கோடையிலேயே பட்டி வெடித்து, கடலையே பார்க்காத ஊரில் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து இரங்குகிறார். ஏனைய பொருள்கள் மயங்கலாம், உரிப்பொருள் மயங்காது என்கிறது தொல்காப்பியம். அதன் ஆசிரியர் பழைய கார் வாங்கியதில்லை போலும்.