முன்னாள் பறவைக்காரர்

முன்னாள் பறவைக்காரரை அடையாளம் காண, ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பெண்ணின் சித்தப்பா செய்த தகராறைப் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருக்கும். வெளியே அரசமரத்தில் ஏதோ ஒன்று ‘டுக், டுக், டுக்’ என்று தகரம் தட்டும். அவருக்குப் பேச்சு அரை நொடி இடறும். கண் மரத்துக்குப் போய்விட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பும். “அது என்ன சார் சத்தம்?” என்று கேட்டுப் பாருங்கள். “ஏதோ குருவி” என்பார். அது செம்மார்புக் குக்குறுவான் என்று அவருக்குத் தெரியும். அரசம்பழத்துக்கு வரும் என்பதும், மரக்கிளையைக் குடைந்து கூடு வைக்கும் என்பதும் தெரியும். சொல்லமாட்டார். சில வருஷங்களுக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நீங்கள் முதல் பந்தியைத் தவறவிட்டிருப்பீர்கள்.

நடப்புப் பறவைக்காரரிடமிருந்து இவரைப் பிரித்தறிவது கஷ்டமில்லை. இருவரிடமும் அதே பாசிப்பச்சைச் சட்டை உண்டு. எட்டுப் பைகள் வைத்த அதே கால்சட்டையும் உண்டு. முன்னாள் அதைப் போட்டுக்கொண்டு கார் துடைப்பார். மனைவியிடம் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொல்லி வாங்கிய பைனாகுலர் பரண்மேல் இருக்கிறது. கோடையில் மட்டும் கீழே இறங்கும், தெருமுனையில் தண்ணீர் லாரி தெரிகிறதா என்று பார்க்க.

இந்த வகையினரில் கணிசமானவர்கள் 2020இல் உருவானவர்கள். ஊரடங்கில் ஆபீஸ் இல்லை, ஹாரன் சத்தம் இல்லை, மொட்டைமாடி இருந்தது. துணி காயப்போடப் போனவர் கொடிக்கம்பியில் ஒரு கொண்டைக்குருவியைப் பார்த்தார். ஐம்பது வருஷமாக அவர் தலைக்கு மேலேதான் அது பறந்துகொண்டிருந்தது என்றாலும் அன்றைக்குத்தான் அதன் வாலடியில் சிவப்பு இருப்பது தெரிந்தது. மறுவாரம் சாலிம் அலியின் புத்தகம் வீட்டுக்கு வந்தது. 1941இல் முதலில் வெளியாகி இன்னமும் பதிப்பு மாறி விற்கிற புத்தகம் அது. அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். காக்கை வேறு, அண்டங்காக்கை வேறு என்பது அவருக்குப் பெரிய ஞானோதயம். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கழுத்துச் சாம்பல் நிறத்தை வைத்துப் பாடம் எடுத்தார். பால்காரர் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தி, பாக்கெட்டை வாட்ச்மேனிடம் கொடுக்க ஆரம்பித்தார்.

முதல் வருஷம் சுகமான வருஷம். இந்தத் தொழிலில் ‘லைஃபர்’ என்று ஒரு சொல் உண்டு. வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் பறவை. தொடக்கக்காரருக்கு எல்லாமே லைஃபர்தான். ஐம்பதுவரை சமையலறை ஜன்னலிலேயே ஓசியில் கிடைத்தன. நூறு வரைக்கும் கிண்டி, அடையாறு என்று பஸ் டிக்கெட் செலவோடு போயிற்று. அதற்குமேல் வேடந்தாங்கல், பழவேற்காடு. நாலு பேர் பங்கு போட்டுக்கொண்ட வாடகைக் கார், விடிகாலை நாலு மணி, வழியில் ஒரு டீ. இருநூறைத் தாண்ட மலையேற வேண்டும். நீலகிரிச் சிரிப்பானுக்கு நம் வசதி பார்த்துக் கீழே இறங்கிவரும் பழக்கம் கிடையாது. தமிழ்நாட்டில் மட்டுமே 500க்கும் மேற்பட்ட பறவைகள் பதிவாகியிருக்கின்றன. ஆக, மீதி இருப்பவை எல்லாம் தூரத்தில் இருப்பவை, அல்லது வருவதே அபூர்வமானவை. ஒரு நாள் ராத்திரி கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கடைசியாகப் பார்த்த பத்துப் பறவைகளுக்கும் தலைக்கு எவ்வளவு ஆயிற்று என்று வகுத்துப் பார்த்தார். அதைச் செய்திருக்கக் கூடாது. கோழி என்ன, வான்கோழியே அந்த விலைக்கு விற்பதில்லை.

தட்டேக்காட்டுப் பயணமும் அந்தப் பத்துக்குள் அடக்கம். கேரளத்தில், கோதமங்கலம் பக்கத்தில் இருக்கும் சரணாலயம். அங்கே தவளைவாயன் என்ற பறவையைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே வழிகாட்டிகள் உண்டு. இரவாடிப் பறவை. பகலில் காய்ந்த இலைக்கொத்தைப்போல ஒரு கொடியில் ஜோடியாக உட்கார்ந்து தூங்கும். கூட்டிப் போன பையன் “அதோ” என்றான். இவருக்குத் தெரிந்தது காய்ந்த இலைக்கொத்து. கால் மணி நேரம் கழித்து இலைக்கொத்துக்கு மீசை தெரிந்தது. பின்னாலிருந்த பீரங்கி லென்ஸ்காரர் “சார், பார்த்தாச்சுன்னா கொஞ்சம் நகருங்க” என்றார். பார்த்தாயிற்று. நகர்ந்தார். திரும்பி வரும் வழியெல்லாம், அந்தப் பறவை தூங்க நாம் ஏன் இரண்டு ரயில் மாறி வந்தோம் என்ற யோசனை மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நோய்க்கு முதல் அறிகுறி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பறவையால் சலித்துப்போனவர் என்று யாரும் கிடையாது. சலிப்பு சக பறவைக்காரர்களால் வருவது.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட சதுப்புநிலம். ஒரு பக்கம் பூநாரைக் கூட்டம், இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. ஞாயிற்றுக்கிழமை காலை மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். அபூர்வப் பறவை ஒன்று வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் தகவல் கிடைத்து, இவர் விழுந்தடித்துக்கொண்டு போவார். அங்கே ஏற்கெனவே வந்து, பார்த்து, படமெடுத்து, இட்லியும் சாப்பிட்டு முடித்த ஒருவர் இருப்பார். “அடடா, இப்பத்தான் சார் பறந்துச்சு” என்பார். மறுநாள் போனால், “நேத்து வந்திருக்கணும் நீங்க.” பறவை உலகத்தில் எல்லாப் பறவைகளும் நேற்றுதான் இருந்தன. சொல்கிறவர் முகத்தில் அப்போது ஓர் அனுதாபம் வரும். சம்பந்தி வீட்டில் கூட அப்படிப்பட்ட அனுதாபத்தை நான் கண்டதில்லை.

அடுத்து கதிர்க்குருவிச் சண்டை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் இந்தக் குட்டிப் பறவைகள் எல்லாமே ஒரே மங்கல் நிறம். அதில் பூட்டட் என்று ஒன்றும், சைக்ஸ் என்று ஒன்றும் உண்டு. அலகு சற்றே நீளமா, வால் சற்றே நீளமா என்பதுதான் வித்தியாசம். ‘சற்றே’ என்பது எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் தைரியமாகச் சொல்வதில்லை. யாராவது ஒரு மங்கலான படம் போடுவார். ‘சைக்ஸ்’ என்பார் ஒருவர். ‘அலகைப் பாருங்க, பூட்டட்’ என்பார் இன்னொருவர். சாயங்காலத்துக்குள் இரண்டு கட்சி சேர்ந்துவிடும். ராத்திரிக்குள் ஒருவர் குழுவிலிருந்து விலகி, மறுநாள் காலை மறுபடி சேர்க்கப்பட்டிருப்பார். இவரும் ஆறு மாதம் ‘சைக்ஸ்’ கட்சியில் இருந்தார். அலகைப் பார்த்து அல்ல. அந்தப் பக்கம்தான் தெரிந்தவர்கள் அதிகம்.

போதாக்குறைக்குப் பெயர்கள் மாறும். தென்னைமரத்தைக் கொத்திக்கொண்டிருக்கும் நம் பொன்முதுகு மரங்கொத்திக்கு ஆங்கிலத்தில் இதுவரை மூன்று பெயர்கள் வைத்துப் பார்த்துவிட்டார்கள். மரங்கொத்தி அதே மரத்தைத்தான் கொத்துகிறது. தவிட்டுக்குருவியின் அறிவியல் பெயர் டர்டாய்டஸ் என்று மனப்பாடம் செய்து முடித்தபோது அதை ஆர்க்யாவுக்கு மாற்றல் செய்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டின் முதுகில் சவாரி செய்யும் உண்ணிக்கொக்கை அண்மையில் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். நம்மூரில் இருப்பது கிழக்கு. அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பது மேற்கு. பேரனைப் பார்க்க டெக்சாஸ் போய்வந்த குழு உறுப்பினர் ஒருவருக்கு, வீட்டுச் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே ஒரு லைஃபர் ஏறிவிட்டது. என்றைக்கோ மாலுக்குப் போகும் வழியில் கார் ஜன்னலில் பார்த்தது! இவருடைய மகன் பெங்களூருவிலேயே வேலை பார்க்கிறான். அன்றைக்குச் சாப்பாட்டின்போது மகனிடம் போனில், “வெளிநாட்டுல ஏதும் முயற்சி பண்ணலியாடா?” என்று கேட்டார். மகன் மனம் நெகிழ்ந்துபோனான். அப்பா தன் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்துவிட்டான்.

ஆனால் ஆளை உண்மையில் சாய்த்தது பெண் குயில்தான்.

ஆண் குயில் கறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு முற்றிலும் வேறு தினுசாக இருக்கும். ஆகவே மாடியில் அதை முதல்முறை பார்க்கிற ஒவ்வொருவரும், இமயமலையிலிருந்து ஏதோ வழிதவறி வந்துவிட்டது என்று நினைத்துப் படம் எடுத்துப் போடுவார்கள். “சார், இது என்ன பறவை?” இவர் குழுவில் கொஞ்சம் தெரிந்தவராகிவிட்ட காலம் அது. ஆரம்பத்தில் நாலு பத்தியில் பதில் எழுதினார். காக்கைக் கூட்டில் முட்டையிடுவது, ஆண் கத்திக் காக்கையைத் திசைதிருப்புவது, கூடவே “உங்கள் ஆர்வத்துக்கு வாழ்த்துகள்.” அடுத்த வருஷம் இரண்டு வரி. அதற்கடுத்த வருஷம் “பெண் குயில்.” வாழ்த்து போய், முற்றுப்புள்ளி மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் இல்லை, வெறும் நீல டிக். கடைசியில் குழுவை ம்யூட்டில் போட்டார். சந்தேகம் கேட்கத் தனக்கு ஆளில்லாமல் போய், தன்னிடம் கேட்க மட்டும் ஆள் இருக்கிற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால் அவருடைய ஆர்வத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். இது பறவைக்கு மட்டும்தான் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

குழுவை விட்டு விலகினாரா என்றால், இல்லை. ஒருவரும் விலகுவதில்லை. மாதம் ஒருமுறை சத்தமில்லாமல் உள்ளே போய், மற்றவர்கள் தப்பாகச் சொல்வதைப் படித்துவிட்டு வருவார். திருத்தமாட்டார். அதில் ஒரு தனி நிம்மதி இருக்கிறது.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் முதல் மூன்று வருஷம் நாலு நாளும் ஓடியவர், இந்தத் தடவை கரும்பு கடித்துக்கொண்டு டி.வி. பார்த்தார். வீட்டம்மாவுக்கு அடிவயிற்றில் கலக்கம். ஒரு காலத்தில், “அந்தக் குருவிங்களையே கட்டிக்கிட்டிருக்கலாம்ல!” என்று கத்தியவர் அவர்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கும் ஹாலில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பழக்கமில்லை.

“ஏங்க, எங்கயும் போகலியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“எல்லாம் பார்த்தாச்சு.”

“பின்னாடி முருங்கை மரத்தடியில ஆறுமணிக்குருவி வந்திருக்குங்க. நேத்துலேருந்து கத்துது.”

அக்டோபர் மாதத்தில் வடக்கேயிருந்து வரும் வழியில், களைத்துப்போய் சென்னைத் தோட்டங்களில் இறங்குகிற, ஒன்பது வண்ணப் பறவை அது. முதல் வருஷத்தில் அதைப் பார்க்க இவர் மூன்று நாள் லீவு போட்டார். அதன் குரலை அம்மணி எப்போது கற்றுக்கொண்டார் என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால், “நீங்க கத்துக் கத்துனு கத்துக்குடுத்ததுதான்” என்று பதில் வரும்.

தத்துவம் பேசும் கட்டமும் ஒன்று உண்டு. “சாலிம் அலிக்கு வாட்ஸ்அப் இல்ல சார். அதான் தொண்ணூறு வயசு வரைக்கும் அவருக்கு அலுக்கல” என்பார். மறுக்க எனக்கு வழியில்லை. 1896இல் பிறந்து 1987இல் இறந்த மனிதர், சிறுவனாக இருந்தபோது சுட்ட ஒரு சிட்டுக்குருவியில் தொடங்கியதை முடிவுவரை விடவில்லை. நம் மா. கிருஷ்ணனும் 1950இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். காக்கை, அணில், தெருநாய் என்று எதுவும் அவருக்குப் பழையதாகவில்லை. ‘இது சைக்ஸ் இல்லை, பூட்டட்’ என்று அவருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை என்பதும் உண்மைதான்.

போன மழைக்குப் பிறகு அவரைப் பூங்காவில் பார்த்தேன். அதே பாசிப்பச்சைச் சட்டை. புல்தரையில் மண்டியிட்டிருந்தார். ஏதோ தொலைத்துவிட்டாராக்கும் என்று பக்கத்தில் போனால், “அசையாதீங்க சார்!” என்று கிசுகிசுத்தார். முகத்தில் பழைய வெளிச்சம். தட்டான். இந்தியாவில் ஏறத்தாழ ஐந்நூறு வகைத் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் இருக்கின்றனவாம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டாமாம். வெயில் ஏறிய பிறகுதான் அதுகள் பறக்கும். நாகரிகமான ஜந்து. பறவைக் குழுவிலிருந்து ஓய்ந்தவர்களில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்களாம். மீதிப் பேர் வண்ணத்துப்பூச்சியில்.

மைதானம் முழுக்கத் தலைக்கு மேலே தாழப் பறந்துகொண்டிருந்த பழுப்பு மஞ்சள் தட்டானைப் படம் எடுத்து, புதிய குழுவில் போட்டார். “அண்ணா, வணக்கம். இது என்ன தட்டான்? அபூர்வமானதா?” கூடவே இடம், நேரம், வானிலை, தன் அனுமானம் என்று நாலு பத்தி. நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம் கழித்து யாரோ ஒரு நிபுணரிடமிருந்து பதில் வந்தது.

“பான்டலா.”

மழைக்காலத்தில் லட்சக்கணக்கில் வருவது, விரல் நீளம்கூட இல்லாத உடம்போடு இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவரை போவது என்றெல்லாம் எழுத அந்த மனிதருக்குப் பொழுதில்லை. ஒரே சொல், அதற்கொரு முற்றுப்புள்ளி.

“எவ்வளவு தெரிஞ்சவர் பாருங்க சார், படத்தைப் பார்த்த உடனே சொல்லிட்டார்!” என்றார் நம் ஆள், கும்பிடு போடும் பொம்மை மூன்றை அனுப்பிக்கொண்டே.